தோலில்தான் சரக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் நார்த்தங்காயை உப்பில் ஊறவைத்துக் காயவைப்பது பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அந்தக் குறிப்பின் கடைசி வரியில், சாறு பிழிந்த பிறகு நாம் எறிகிற எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சுத் தோல்களிலும் உணவுக்கும் மருந்துக்கும் ஆகிற சரக்கு இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் தோலுக்கே போகிறது.

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் அருகே பழச்சாறு கடை வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 40 கிலோ சாத்துக்குடி ஓடும். தோலையும் சக்கையையும் சாக்கில் கட்டி, காலையில் குப்பை வண்டிக்குப் போடுகிறேன். இதற்கு நல்ல விலை உண்டு என்று கைப்பேசியில் ஒரு காணொளி சொல்கிறது. நம்பலாமா?
(ஒரு வாசகர், மதுரை)

பாதி நம்பலாம். முதலில் கணக்கைப் பார்ப்போம். சாத்துக்குடியின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் சாறாகக் குவளைக்குப் போகிறது. மீதி தோல், சக்கை, விதை. ஆக உங்களிடம் நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ மிஞ்சும். ஆனால் அந்த 20 கிலோவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காயவைத்து எடுத்தால் 4 கிலோ, மிஞ்சினால் 5 கிலோ தேறும். விலை பேச வருகிறவர் இந்த 4 கிலோவை மனத்தில் வைத்துத்தான் பேசுவார் என்பதால், 20 கிலோவுக்கு மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

அந்த 4 கிலோவில் என்ன இருக்கிறது? தோலின் மேற்பரப்பில் ஊசி குத்தினாற்போல் தெரியும் புள்ளிகள் எல்லாம் எண்ணெய்ப் பைகள். அந்த எண்ணெயில் 100-க்கு 90 பங்குக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். மிட்டாய், குளிர்பானம், சோப்பு ஆகியவற்றில் ஆரஞ்சு மணம் தருவது பெரும்பாலும் இதுவே. அதற்கு அடியில் பஞ்சுபோல இருக்கும் வெள்ளைச் சதையில் பெக்டின் இருக்கிறது. ஜாமை இறுகவைப்பதும், தயிர்ப் பானங்கள் திரிந்து பிரியாமல் காப்பதும் பெக்டின்தான். உணவுப் பொட்டலத்தின் பொருள் பட்டியலில் 440 என்ற எண்ணைப் பார்த்தால் அது பெக்டின் என்று புரிந்துகொள்ளலாம். இவை இரண்டும் போக, தண்ணீரைத் தன் எடையைப்போலப் பல மடங்கு பிடித்துவைக்கும் நார்ச்சத்தும், ஹெஸ்பெரிடின் என்ற ஒரு மருந்துப் பொருளும் இருக்கின்றன.

பிரேசிலிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் சாறு பிழியும் ஆலைகள் இவற்றை எல்லாம் தனித்தனியாகப் பிரித்து விற்கின்றன. அவர்களுக்கு அது கட்டுப்படியாவதற்குக் காரணம் ஒன்றுதான்: ஆயிரக்கணக்கான டன் தோல் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஈரம் உலராமல் கிடைக்கிறது. ஒரு டன் பழத்திலிருந்து சில கிலோ எண்ணெய்தான் வரும் என்கிறபோது, உங்கள் 40 கிலோவுக்கு யாரும் எண்ணெய் பிழியும் இயந்திரம் கொண்டு வந்து நிறுத்தமாட்டார்கள்.

இதற்கு மேல் ஒரு தடை இருக்கிறது. காணொளிகள் அதைச் சொல்வதில்லை. கேள்வி வந்த பிறகு உங்கள் பகுதியிலேயே ஒரு கடையின் முன் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். கடைப் பையன் கத்தியால் மேல்தோலை ஒரே சுருளாகச் சீவி எடுப்பது பார்க்க அழகாகவே இருந்தது. அந்தச் சுருள் போய் விழுந்த வாளியில் உறிஞ்சுகுழலும், கசங்கிய காகிதக் குவளைகளும், யாரோ குடித்து மிச்சம் வைத்த ரோஸ்மில்க்கும் கிடந்தன. பழத்தை அவர் கழுவவில்லை. தோலைத்தான் எறியப்போகிறோமே, எதற்குக் கழுவ வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த வாளிக்குள் விழுந்த கணத்தில் அது உணவுப் பொருள் என்ற தகுதியை இழந்துவிட்டது. சாக்கில் கட்டி இரவு முழுவதும் வைத்தால், மதுரை வெக்கைக்குக் காலையில் புளித்த வாடை அடிக்கும். தோலுக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி, வெட்டுப்பட்ட நேரத்திலிருந்து பெக்டினைக் கெடுக்கத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் நான் சொல்வது இது. பழத்தைக் கழுவிவிட்டுச் சீவுங்கள். தோலுக்கு மட்டும் மூடி போட்ட தனி வாளி வையுங்கள். மிக்ஸியில் அரைபட்ட சக்கையை அதில் சேர்க்காதீர்கள். மாலைக்குள் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பயன்படுத்தக்கூடிய மகளிர் குழு ஒன்று நாலைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால், உங்களுக்கு ஒரு சிறு வருமானமும் அவர்களுக்கு மூலப்பொருளும் கிடைக்கும். தொலைவில் இருக்கும் ஆலையை நம்பிச் சாக்கு சேர்த்துவைப்பதில் பயன் இல்லை.

ஆரஞ்சுத் தோல் துவையல், தொக்கு என்று மூன்று முறை முயன்றேன். மூன்றும் கசப்பு. என் மாமியார் செய்யும் நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் எப்படிக் கசக்காமல் இருக்கிறது?
(ஒரு வாசகி, திருநகர்)

நார்த்தங்காயும் கசக்கும். நாள்தான் அதைச் சரிசெய்கிறது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது மேலூர்ப் பக்கத்து வீட்டில் அப்பத்தா நார்த்தங்காயைத் துண்டாக்காமல் சுருள்சுருளாக வெட்டி, மடிப்புகளுக்குள் கல் உப்பைத் திணித்து ஜாடியில் போடுவார். தினமும் ஒருமுறை குலுக்கிவிட்டு, காய் தண்ணீர் விட்ட பிறகு பகலில் மொட்டைமாடியில் காயவைப்பதும், இரவில் அதே உப்புத் தண்ணீரில் மறுபடி போடுவதுமாக வாரக்கணக்கில் நடக்கும். ‘வெயிலு எறங்குறதுக்குள்ள திருப்பிப் போட்டுட்டு வாடா’ என்ற குரல் இன்னும் காதில் இருக்கிறது. உப்பு தண்ணீரை இழுக்கிறது, அந்தத் தண்ணீரோடு கசப்புப் பொருள்களில் ஒரு பங்கும் வெளியேறுகிறது, மீதியை உப்பும் புளிப்பும் நாக்குக்கு மறைத்துவிடுகின்றன. எலுமிச்சையானாலும் நார்த்தையானாலும் நம் ஊறுகாயில் தோலோடுதான் சாப்பிட்டோம். பழத்தைச் சாறாகக் குடிக்கத் தொடங்கிய பிறகே தோல் என்பது தனியாகக் குப்பைக்குப் போகும் பொருளாயிற்று.

உங்கள் ஆரஞ்சுத் தொக்குக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. கசப்பு மூன்று இடங்களிலிருந்து வருகிறது. மேல்தோலின் எண்ணெய் அளவுக்கு மீறினால் தொண்டையைக் கரிக்கும். வெள்ளைச் சதையிலும் விதையிலும் லிமோனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. (மேலே சொன்ன லிமோனீனுக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு.) பம்பளிமாசில் இவை போதாதென்று நாரிஞ்சின் என்ற மற்றொன்றும் சேர்கிறது. சாத்துக்குடி ஜூஸைப் பிழிந்து அரை மணி வைத்தால் கசந்துபோவதற்கும் லிமோனின்தான் காரணம். பழத்துக்குள் கசப்பில்லாத வடிவத்தில் இருக்கும் பொருள், சாற்றின் புளிப்போடு கலந்த பிறகு மெல்ல மெல்ல லிமோனினாக மாறுகிறது. விதையோடு மிக்ஸியில் அடித்தால் இன்னும் சீக்கிரம் கசக்கும்.

தோலைக் கழுவி, கரண்டியால் வெள்ளைச் சதையைப் பாதி அளவுக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதை எறியாதீர்கள், அடுத்த கேள்வியில் அதற்கு வேலை இருக்கிறது. மீதியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கமலாவுக்கு இரண்டு முறை, சாத்துக்குடிக்கு மூன்று முறை இப்படித் தண்ணீர் மாற்ற வேண்டும். மூன்றாவது முறை தண்ணீரில் சிறிது உப்பு போடலாம். பிறகு பிழிந்து எடுத்து, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், வெந்தயப்பொடி தாளித்து, புளிக்கரைசலும் மிளகாய்த்தூளும் சேர்த்துச் சுண்டவிட்டு, இறக்கும்போது தோலின் எடையில் பாதி அளவு வெல்லம் போடுங்கள். வெல்லத்தில் கஞ்சத்தனம் காட்டினால் கசப்பு மீண்டும் தலைகாட்டும். முந்தைய மூன்று முறையும் நீங்கள் தோலைப் பச்சையாகவே எண்ணெயில் வதக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கடையில் வாங்கும் ஆரஞ்சு கண்ணாடிபோல் மின்னினால், அதன்மேல் மெழுகு பூசியிருக்கலாம். பழத்தில் பூச அனுமதிக்கப்பட்ட மெழுகுகள் உண்டு, அவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் மெழுகுக்கு அடியில் பூச்சிமருந்தின் மிச்சம் ஒட்டியிருக்க வாய்ப்பு இருப்பதால், தோலை உண்ண எடுப்பவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் நார் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். சிறுமலையிலோ கீழ்ப்பழனி மலையிலோ விளைந்த, பார்வைக்குச் சுமாரான, பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் கமலா கிடைத்தால், தொக்குக்கு நான் அதைத்தான் எடுப்பேன். அந்த மலைகளில் காப்பித் தோட்டங்களுக்கு ஊடே வளரும் பழம் அது. கொடைக்கானல் வட்டத்தில் தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

எங்கள் குழு கொய்யா, பப்பாளி ஜாம் செய்து விற்கிறது. பெக்டின் பொடியின் விலை கட்டுப்படியாகவில்லை. தோலிலிருந்து நாங்களே தயாரிக்க முடியுமா? இந்தத் தொழிலுக்கு அரசு உதவி உண்டா?
(மகளிர் குழு ஒன்றின் சார்பில் ஒரு வாசகி, உசிலம்பட்டி)

பொடியாக முடியாது, கரைசலாக முடியும். இந்த வேறுபாட்டைச் சற்று விளக்க வேண்டும்.

ஆன்றி பிராக்கோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1825-இல் பெக்டினுக்குப் பெயரிட்டார். உறைதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல் அது. செடியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசை இது. உலர்ந்த எலுமிச்சை இனத் தோலில் 100-க்கு 20 முதல் 30 பங்கு வரை பெக்டின் இருக்கிறது. ஆலையில் தோலை அமிலம் கலந்த வெந்நீரில் வேகவைத்துப் பெக்டினைக் கரைசலில் இறக்குவார்கள். வடிகட்டிய கரைசலில் ஆல்கஹால் ஊற்றினால் பெக்டின் கூழ்க்கட்டியாகத் திரண்டு மேலே வரும். அதைப் பிழிந்து, உலர்த்தி, அரைத்தால் நீங்கள் வாங்குகிற பொடி. ஆல்கஹாலைத் தீப்பிடிக்காமல் கையாளவும் மீட்டெடுக்கவும் உரிமமும் சாதனங்களும் வேண்டும் என்பதால், அது குழுவின் கொட்டகையில் செய்யும் வேலை இல்லை.

கரைசலுக்கு இவ்வளவு வேண்டாம். அன்று உரித்த தோலின் வெள்ளைச் சதை கால் கிலோ எடுத்துப் பொடியாக நறுக்குங்கள். எலுமிச்சைச் சாறு கால் கப் ஊற்றிப் பிசிறி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி மேலும் ஒரு மணி நேரம் ஊறவைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் 15 நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும். இரவு முழுவதும் சொட்டிய திரவம் சற்று வழுவழுப்பாக இருக்கும். அதில் ஒரு தேக்கரண்டி எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் மூன்று தேக்கரண்டியில் ஊற்றி, குலுக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். முள்கரண்டியால் தூக்கினால் ஒரே கட்டியாக வந்தால் தரமான சரக்கு. துண்டு துண்டாக உடைந்தால் இன்னும் காய்ச்சிச் சுண்டவையுங்கள். சோதனைக்கு எடுத்ததை வாயில் வைக்காமல் கொட்டிவிட வேண்டும், அது விஷம்.

தோல் அன்றே வேண்டும் என்று முதல் பதிலில் அழுத்திச் சொன்னதன் காரணம் இங்கேதான் தெரியும். சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து ஜாமை இறுக்க, பெக்டினின் சங்கிலியில் குறிப்பிட்ட வேதித்தொகுதிகள் போதிய அளவில் ஒட்டியிருக்க வேண்டும். தோலின் நொதி அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். பிறகு அது சர்க்கரையில் இறுகாது, சுண்ணாம்புச் சத்து இருந்தால்தான் இறுகும். அன்றைக்கே பயன்படுத்த முடியாவிட்டால், தோலைக் கொதிக்கும் நீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்தால் நொதி அடங்கும். அதன்பின் காயவைத்து எடுத்துவைக்கலாம். போன ஐப்பசியில் நானே இதைக் காதில் வாங்காமல், அடைமழைக்கு நடுவே இரண்டு கிலோ தோலை நிழலில் பரப்பிவைத்தேன். மூன்றாம் நாள் பச்சைப் பூஞ்சை பூத்துவிட்டது. பூஞ்சை கண்ட பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை எடுக்கலாமா என்று சபலம் தட்டியது. எடுக்கக் கூடாது, மொத்தத்தையும் கொட்டினேன். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடி வெயில் இரண்டு நாளில் முடித்துக்கொடுக்கும் வேலை இது. ஒடித்தால் மளுக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கொய்யாவுக்கு வெளியிலிருந்து பெக்டின் தேவையே இல்லை. ஆயக்குடிக் கொய்யாவை முக்கால் பழமாக, புளிப்பு மாறாமல் எடுத்தால் அதுவே இறுகும். கனிந்து குழைந்த பழத்தில் ஜாம் செய்தால்தான் பொடியைத் தேட வேண்டியிருக்கும். பப்பாளிக்கும் அன்னாசிக்கும் மேற்சொன்ன கரைசல் வேண்டும். முதலில் அரைக் கிலோ பழத்தில் செய்து பார்த்து அளவை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனெனில் ஒவ்வொரு முறையும் கரைசலின் வலு மாறும். விற்பனைக்கு என்றால், ஜாமில் பழம் 100-க்கு 45 பங்குக்கும், கரைந்த திடப்பொருள் 65 பங்குக்கும் குறையக் கூடாது என்பது விதி. இரண்டாவதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்று நம்புகிறேன். 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுத் தொழில் திட்டத்தில் இயந்திரங்களுக்கு 35 விழுக்காடு வரை, உச்ச வரம்பு 10 லட்சம் ரூபாய் என மானியம் வைத்திருக்கிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். பயிற்சிக்கு ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் இருக்கும் சமுதாய அறிவியல் கல்லூரியை அணுகலாம். உசிலம்பட்டியிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான்.

மூலத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டையில் ஹெஸ்பெரிடின் என்று போட்டிருக்கிறது. அது ஆரஞ்சுத் தோலில் இருப்பதுதானாமே. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோல் பொடியைச் சாப்பிடலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், அண்ணா நகர்)

ஐயா, நிறுத்த வேண்டாம். அட்டையை இன்னொரு முறை படித்தால் டயோஸ்மின் 450 மில்லிகிராம், ஹெஸ்பெரிடின் 50 மில்லிகிராம் என்று இருக்கும். பெரிய பங்கு டயோஸ்மினுக்கு. அதையும் பெரும்பாலும் தோலிலிருந்து எடுத்த ஹெஸ்பெரிடினை வேதிமாற்றம் செய்துதான் தயாரிக்கிறார்கள் என்பதால், உங்கள் மாத்திரை முழுவதுமே ஒருவகையில் எலுமிச்சை இனக் கழிவின் பிள்ளை என்று சொல்லலாம். முற்றுவதற்கு முன் உதிரும் பிஞ்சுகளில் ஹெஸ்பெரிடின் மிகுதி. ஆகவே தோட்டத்தில் உதிர்ந்து வீணாகும் பிஞ்சுகளும் இந்தத் தொழிலுக்கு ஆகும்.

ஆனால் தோலில் இருப்பது வேறு, மாத்திரையில் இருப்பது வேறு. ஹெஸ்பெரிடின் தண்ணீரில் எளிதில் கரையாது. மாத்திரையில் அதை மிக நுண்ணிய துகளாக அரைத்து, அளவு பார்த்துச் சேர்க்கிறார்கள். வீட்டுப் பொடியில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு உடலில் சேரும் என்பதற்குக் கணக்கே கிடையாது. இந்த வகைப் பொருள்களுக்கு 1936-இல் சென்ட்-ஜியார்ஜி ‘வைட்டமின் பி’ என்று பெயர் வைத்தார். அரிசித் தவிட்டில் இருக்கும் பி இல்லை. ஆங்கில எழுத்து வரிசையில் ஓ-வுக்கு அடுத்து வரும் பி. அடுத்த ஆண்டே நோபல் பரிசு பெற்ற அறிஞர் அவர். பிற்பாடு இவை வைட்டமின் இல்லை என்று தெரிந்து அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பழைய பெயரைச் சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தோலை உணவாகச் சாப்பிடுவதால் கிடைக்கும் நன்மையை நான் மறுக்கவில்லை. நாளொன்றுக்கு 6 கிராம் பெக்டின் உண்பது இரத்தக் கொழுப்பைச் சரியான அளவில் வைக்க உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றிருக்கிறது. மூலத்துக்கு நார்ச்சத்து நல்லது என்பதையும் உங்கள் மருத்துவரே சொல்லியிருப்பார். ஆனால் ஒரு கரண்டித் தொக்கில் 6 கிராம் பெக்டின் வராது. தோலில் வைட்டமின் சி சாற்றைவிட அதிகம் என்பதும் உண்மை. வெயிலில் காயவைத்துப் பொடித்த பிறகு அதில் பெரும்பங்கு போய்விடும் என்பதும் உண்மை. பெக்டின் குப்பியைப் புற்றுநோய்க்கு மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொன்று உங்கள் வயதில் இருப்பவர்கள் எல்லோருக்கும். பம்பளிமாசும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் சில மருந்துகள் உடலில் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், இரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் முதலியன இந்தப் பட்டியலில் இருக்கின்றன. சாத்துக்குடியிலும் கமலாவிலும் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. பம்பளிமாஸ் தோலில் அல்வாவோ வற்றலோ செய்து சாப்பிடும் எண்ணம் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செவ்வாய், வெள்ளி இராகுகாலத்தில் கோயிலில் ஏற்றும் எலுமிச்சை விளக்குகளின் தோலை ஊறுகாய் போடலாமா? குப்பையில் கிடப்பதைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை.
(ஒரு வாசகி, மதுரை தெற்கு மாசி வீதி)

போடக் கூடாது. திரியும் புகையும் கருகிய எண்ணெயும் ஏறிய தோல் உணவுக்கு ஆகாது. விளக்குக்குப் பழத்தைப் பிழியும்போது வருகிற சாற்றை வீட்டில் அன்றே சர்பத்துக்கு எடுத்துவைத்துக்கொண்டால் பாதி எலுமிச்சையாவது தப்பிக்கும். எரிந்த தோல்களைக் கொண்டு பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்தால், எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பும் போகும். இந்த ஊரில் குத்துவிளக்குக்குப் பஞ்சமா என்ன?

தோல், வெல்லம், தண்ணீர் கலந்து மூன்று மாதம் ஊறவைக்கும் ‘பயோ என்சைம்’ செய்தேன். பத்தாம் நாள் கண்ணாடிப் பாட்டில் வெடித்துச் சமையலறை முழுவதும் பிசுபிசுத்துவிட்டது. எங்கே தவறு?
(ஒரு வாசகர், அவனியாபுரம்)

கண்ணாடிப் பாட்டிலில்தான். வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு என்ற அளவில் கலக்கும்போது முதல் மாதத்தில் வாயு நிறைய வரும். பிளாஸ்டிக் புட்டியில் கால் பங்கு இடம் விட்டு நிரப்பி, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விட வேண்டும். யாரும் அடிபடவில்லை என்று நம்புகிறேன்.

பெயரில் என்சைம் இருக்கிறதே தவிர, மூன்று மாதம் கழித்துக் கிடைப்பது பெரும்பாலும் தோலின் மணம் ஏறிய மெல்லிய காடி. அதைச் சர்வரோக நிவாரணிபோலப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவனியாபுரத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் குழாய்முனையிலும் குளியலறைத் தரையிலும் படியும் வெள்ளை உப்பை அது நன்றாகக் கரைக்கும், ஏனெனில் அந்த உப்பு புளிப்புக்குக் கரையக்கூடியது. பளிங்குத் தரையில் ஊற்றினால் பளிங்கையும் அதே கணக்கில் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் இதை ஊற்றவே கூடாது, நச்சுவாயுவான குளோரின் கிளம்பும். இதைக் குடிப்பதற்கும் பரிந்துரைக்கும் காணொளிகள் உண்டு. குடிக்க வேண்டாம்.

ஆரஞ்சுத் தோல் பொடியையும் எலுமிச்சைத் தோலையும் முகத்தில் பூசிக்கொண்டு கல்லூரிக்குப் போகலாமா?
(ஒரு மாணவி, பசுமலை)

உலர்ந்த கமலாத் தோல் பொடியைத் தயிரில் குழைத்து, இரவில் பூசிக் கழுவிவிட்டால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. எலுமிச்சைத் தோலை மட்டும் பகலில் தொடாதீர்கள். அதன் எண்ணெயில் இருக்கும் பெர்காப்டென் போன்ற பொருள்கள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், மறுநாள் கொப்புளமும் அதன்பின் மாதக்கணக்கில் மாறாத கருமையும் வரும். சித்திரைத் திருவிழாவின் தண்ணீர்ப் பந்தல்களில் வெட்டவெளியில் நின்று நூற்றுக்கணக்கான எலுமிச்சைகளைப் பிழிகிறவர்களின் விரல் இடுக்குகளைப் பார்த்தால் இது விளங்கும். வெயில் சுட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

திருமங்கலம் பக்கம் எனக்குக் கரிசல் நிலமும் பத்து ஆடுகளும் உண்டு. ஜூஸ் கடைத் தோல் வண்டி வண்டியாக இலவசமாகக் கிடைக்கிறது. ஆட்டுக்குப் போடலாமா, நிலத்தில் கொட்டலாமா?
(ஒரு விவசாயி)

இரண்டும் செய்யலாம், இரண்டிலும் நிதானம் வேண்டும். பழத்தொழில் பெருகிய நாடுகளில் சாறு பிழிந்த சக்கையைச் சுண்ணாம்பு கலந்து பிழிந்து உலர்த்தி மாட்டுத் தீவனமாக விற்பது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சுண்ணாம்பு பட்டதும் பெக்டினின் பிடி தளர்ந்து தண்ணீர் எளிதில் பிரிந்துவிடும் என்பது அதன் சூட்சுமம். ஆடுகளுக்கு நறுக்கிக் காயவைத்ததை வைக்கோல், தழையோடு கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் மெல்லப் பழக்குங்கள். திடீரென்று கூடை நிறையக் கொட்டினால் வயிறு புளித்து உப்பிவிடும். பூஞ்சை பிடித்ததைக் காட்டவே வேண்டாம். சாக்கில் உறிஞ்சுகுழலும் பாலித்தீன் பையும் இருக்கின்றனவா என்று நீங்களே கொட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நிலத்துக்கு ஒரு செய்தி சொல்கிறேன். மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா நாட்டின் குவானகாஸ்தே பகுதியில், 1990-களில், மேய்ந்து வறண்டுபோன சுமார் 3 எக்டேர் நிலத்தில் 12,000 டன் ஆரஞ்சுத் தோலையும் சக்கையையும் கொட்டினார்கள். போட்டி நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டதால் திட்டம் பாதியில் நின்று, இடமும் மறந்துபோயிற்று. பிற்பாடு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, கொட்டிய பக்கம் புகமுடியாத காடாக இருந்தது. தரைக்கு மேல் இருக்கும் மரஞ்செடிகளின் மொத்த நிறை, கொட்டாத பக்கத்தைவிட 176 விழுக்காடு கூடியிருந்தது என்று 2017-இல் வெளியிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு வண்டியை நேரே வயலுக்கு ஓட்டிவிடாதீர்கள். அது மழை கொட்டும் நாடு, காத்திருந்த காலமும் ஏறத்தாழ 16 ஆண்டுகள். உங்கள் நிலத்தில் பச்சைத் தோலை மொத்தமாகக் கொட்டினால் முதல் சில வாரங்களுக்கு ஈயும் நாற்றமுமாக இருக்கும், பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வருவார். தோலின் எண்ணெய் நுண்ணுயிர்களைத் தடுப்பதால் மட்கவும் நாளாகும்; மண்புழுக்களுக்கும் அது பிடிக்காது, சாண எரிவாயுக் கலனில் போட்டால் வாயு குறைந்துவிடும். துண்டாக்கி, நாலைந்து நாள் வெயிலில் பரப்பி மணம் போன பிறகு, ஒரு பங்குத் தோலுக்கு மூன்று பங்கு சாணமும் காய்ந்த சருகும் சேர்த்துக் குவித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஆடிப் பட்டத்துக்கு எரு வேண்டுமானால் மாசியிலேயே குவியலைத் தொடங்க வேண்டும்.

ஆரஞ்சுத் தோலைப் பலூன் பக்கத்தில் பிழிந்தால் பலூன் வெடிக்கிறது. ஏன்?
(ஏழாம் வகுப்பு மாணவன், சோழவந்தான்)

தோலிலிருந்து தெறிக்கும் லிமோனீன் ரப்பரைக் கரைக்கும். ஊதி விறைப்பாக இருக்கும் பலூனில் ஒரு துளி பட்டு ஓர் இடம் மெலிந்தால் போதும், உள்ளே இருக்கும் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். தெர்மாகோல் துண்டின்மேல் பிழிந்து பார், அது உருகிக் குழி விழும். மெழுகுவத்திச் சுடர்மேல் பிழிந்தால் மத்தாப்புபோலப் பொறி பறக்கும். அதை மட்டும் வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய். கண்ணில் தெறிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள். பிழிந்த தோலை அம்மாவிடம் கொடுத்துவிடு, திருநகர் வாசகிக்கு எழுதிய பதிலில் தொக்குக்கான அளவு இருக்கிறது.